தவழாமல் நகர்ந்தவள்

கோவையில் ஒரு நர்சிங் கல்லூரியில் குழந்தை வளர்ச்சி உளவியல் கற்பிக்கிறேன். கர்ப்பமாக இருந்தபோதும் அதே பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கருவுக்கு எப்போது காது கேட்கத் தொடங்குகிறது, எப்போது கட்டைவிரல் சூப்புகிறது என்று நான் பலகையில் எழுதினால், மாணவிகளின் கண் பலகையில் இருக்காது. என் வயிற்றின் மேல் இருக்கும்.

பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் அந்த வருடம் குரல் மாறாமல் நடத்துவது கடினமாக இருந்தது. கையும் காலும் இதயமும் உருவாகிற சில வாரங்களில் தாய்க்கு வருகிற நோய் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்கிற பகுதி. இரண்டாம் மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பயம் மட்டும் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

மகள் பிறந்தாள். அழுதுகொண்டிருந்தவள் மறுநாளே என் குரல் கேட்டதும் அடங்கினாள். வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய குரல், அவ்வளவுதான். காரணம் தெரிந்திருந்தும் மகிழ்ச்சி குறையவில்லை.

என் கணவர் வீட்டின் முன்பகுதியில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். என் விடுப்பு முடிந்ததும் பகலில் குழந்தை அவரிடம் இருப்பதென்று முடிவாயிற்று. கடைக்கும் கூடத்துக்கும் இடையில், பவானியில் இருக்கும் அவருடைய அக்கா கொடுத்த ஜமக்காளத்தை விரித்து அவளை விட்டுவிடுவார்.

உட்கார வேண்டிய மாதத்தில் உட்கார்ந்தாள். தவழ வேண்டிய மாதத்தில் தவழவில்லை. குப்புறப் போட்டால் கத்தினாள். பிறகு ஒருநாள் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தரையில் ஊன்றி, உந்தி உந்தி நகர ஆரம்பித்தாள். ஜமக்காளமும் சுருண்டு கூடவே போகும். சில குழந்தைகள் தவழ்வதே இல்லை என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. வகுப்பில் அந்த வரியை நான் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

முதல் பிறந்தநாள் போயிற்று. அவளை நிற்க வைக்கத் தூக்கினால் இரண்டு கால்களையும் முன்னால் மடக்கிக்கொண்டு காற்றில் உட்கார்ந்துவிடுவாள். பாதம் தரையில் படாது. பக்கத்து வீட்டுக் குழந்தை அவளைவிட இளையவன். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

நான் வீட்டில் சோதனைகள் தொடங்கினேன். சாவிக்கொத்தைத் துணிக்கு அடியில் மறைத்தேன். துணியை விலக்கி எடுத்தாள். கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விளக்கு எங்கே என்றால் கை காட்டினாள். குறை காலில் மட்டும்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் வந்த வாரங்கள் மறுபடி மனதில் ஓடின. ஒரு மாலை நான்காவது முறையாகச் சாவியை மறைத்தபோது கணவர் கொத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இவ உன்ற காலேஜ் பாடமில்லை அம்மணி. புள்ளையப் புள்ளையாப் பாரு."

அவருடைய அக்காவிடம் போனில் சொன்னேன். தன் தம்பியும் இப்படித்தான் உட்கார்ந்தே நகர்ந்தான், ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தான் என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குழந்தை நல மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

மருத்துவர் கையை நீட்டியதும் மகள் அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அலறினாள். அழட்டும், ஆள் வித்தியாசம் தெரிகிறது என்று மருத்துவர் சிரித்தார். கால்களை மடக்கி நீட்டினார், முட்டியைத் தட்டினார், வெகுநேரம் பார்த்தார். குடும்பத்தில் வேறு யாராவது இப்படி நகர்ந்தார்களா என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான்தான் அவரைக் காட்டினேன்.

அப்போதுதான் இரண்டாம் மாதக் காய்ச்சலையும், அதனால்தானோ என்ற பயத்தையும் சொன்னேன். காய்ச்சல் கணவருக்குத் தெரியும், அந்தப் பயம் புதிது.

"காய்ச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க," என்றார் மருத்துவர். "காலுல நல்ல பலம் இருக்குதுங்க. உக்காந்து நகர்ற குழந்தைங்க கொஞ்சம் லேட்டாத்தான் நடப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

திரும்பும் வழியில் சிங்காநல்லூர் சிக்னலில் கணவர் வண்டியை நிறுத்தினார். இத்தனை நாளும் இதை மனதில் வைத்துக்கொண்டா இருந்தாய் என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த இரண்டு மாதம் முடியும் முன்பே ஒரு மாலை நான் கல்லூரியிலிருந்து வந்ததும், பையைக்கூட வைக்க விடாமல், கூடத்தின் மறுகோடியில் என்னை உட்காரச் சொன்னார். மகள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். காலை அகல வைத்து, ஆடி ஆடி வந்து என் மடியில் விழுந்தாள். நான் அழவில்லை. அவளுடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது வெறும் அழுக்குப் பாதம். கணவர் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பார்ப்பவரைப்போல நின்றிருந்தார். அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

அவருடைய அக்கா தீபாவளிக்கு வந்தபோது மகள் முதலில் நடந்த அந்த மாலையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நடந்துட்டா அம்மணி. தம்பி அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னானே."

அவர் சமையலறைக்குப் போனதும் நான் கடைக்குள் போனேன். கணவர் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஏனுங்க, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"பயந்துட்டு இருந்தது நீதான. நீயே மொதல்ல பாத்த மாதிரி இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எங்கிருந்து எங்கே நடந்தாள் என்று கேட்டேன். கூடத்துச் சுவரிலிருந்து கடை வாசலுக்கு என்றார். அன்று சூலூர் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி சேறும் தண்ணியுமாக ஒரு மோட்டாரை இறக்கி வைத்திருக்கிறார். அதைத் தொடுவதற்காகப் போயிருக்கிறாள்.