கண்ணாடிக்கு வெளியே வழிந்த படம்

டிவி மெக்கானிக் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் தெருவில் செத்துக் கிடந்த பெட்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்த கை அவருடையது. வீட்டில் இருக்கும் பழைய பிக்சர் டியூப் டிவியும் அவரே பாகம் பாகமாகத் தேடிப் பூட்டியதுதான். அந்தக் கைக்கு முன்னால் பட்டமாவது, கிட்டமாவது! ஆனால் அந்த டிவியைப் பார்த்தாலே மாப்பிள்ளைக்கு இளக்காரம். பெரிய படிப்பு படித்தவராம்.

விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை, புத்தம்புது வீடியோ கேம் பெட்டியைக் கன்வெர்ட்டர் வழியாக அந்தப் பழைய டிவியில் மாட்டினார். மூன்று தடவை ஆடினார். மூன்று தடவையும் ஆட்டம் திடுதிப்பென்று முடிந்தது.

"ஆட்டத்துல எத்தனை உயிர் மிச்சம்னே தெரியல மாமா. இந்த டப்பாவை நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"ஆமாப்பா, இடத்தை அடைக்குது" என்று மகளும் ஒத்து ஊதினாள்.

மெக்கானிக்குக்குக் கோபம் குப்பென்று ஏறியது. "தள்ளுங்க மாப்பிள்ளை. படம் பெருசாகி ஓரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே வழியுது. இதுகூடத் தெரியாமலா பட்டம் குடுத்தாங்க?"

பின்மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் திருப்புளியால் உள்ளே இருந்த திருகுகளைத் திருப்பிப் படத்தின் உயரத்தையும் அகலத்தையும் கொஞ்சம் குறைத்தார். படம் சுருங்கியது. அதுவரை ஒளிந்திருந்த மூன்று சிவப்பு இதயங்கள் மூலையில் பளிச்சென்று தெரிந்தன. அதுதான் உயிர்க் கணக்கு.

மாப்பிள்ளை மறுபடி ஆடினார். இதயங்கள் ஒவ்வொன்றாக அணைவதை இப்போது வீடே பார்த்தது. இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை, பழைய இரும்புக்கு எதைப் போடலாம்?"

முதலில் சிரித்தவள் மகள்தான். டிவி இருந்த இடத்திலேயே இருக்கிறது.