ஹில்டா சிஸ்டர் கேட்டு வாங்கிய மெத்தை

ஹில்டா ராயபுரத்துக்காரி. திருவொற்றியூரில் நாங்கள் வேலை பார்த்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு சிஸ்டர். நான் அங்கே பயிற்சி பெற்ற உதவியாள். வேகமாக நடப்பாள், வேகமாகத் திட்டுவாள், திட்டு வாங்கியவரையே அடுத்த நிமிடம் டீ குடிக்கக் கூப்பிடுவாள். படுத்த நோயாளிக்கு முதுகில் புண் வந்துவிட்டால் மட்டும் அன்றைக்கு யாரையும் திட்ட மாட்டாள், டீக்கும் கூப்பிட மாட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் யாசின் வந்து சேர்ந்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்படிப்பட்டவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரப் பழக்கி, கைத்தொழிலும் சொல்லிக்கொடுக்கிற மையம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, உடம்பில் படுக்கைப்புண் இருக்கக்கூடாது. இருந்தால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

ஆகவே ஹில்டாவும் வார்டுபாய் எத்திராஜும் இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டினார்கள்.

"நான் இன்னா பரோட்டாவா சிஸ்டர், இப்டி திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு கீறீங்க?"

"கம்னு கெட. தீஞ்சி போனா எவனும் வாங்க மாட்டான்."

வார்டோ எப்போதும் நிரம்பி வழிந்தது. நிர்வாகத்தை நச்சரித்து ஹில்டா ஒரு காற்று மெத்தை வாங்க வைத்தாள். கரண்டில் ஓடும் பம்பு, அதன் நெற்றியில் எண் காட்டும் சின்னத் திரை. மெத்தையின் அறைகள் மாறி மாறி ஊதி வடியும், உடம்பில் ஒரே இடம் அழுந்திக் கிடக்காது. காற்று குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து பம்பு கத்தும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு.

"மிசினு வந்தா நம்மள தூக்கிடுவாங்கோ சிஸ்டர்" என்றான் எத்திராஜ்.

"உன் கை ஓஞ்சிடும்யா. அது ஓயாது."

இனிமேல் புரட்டவே வேண்டாம் என்றார் சின்ன டாக்டர். எனக்கு மின்வெட்டுதான் பயம். ஆபத்து எங்கிருந்து வரும் என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எத்திராஜ் சொன்னதில் பாதி நடந்தது. மெத்தை வந்த மறுவாரமே அவனை அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹில்டா தனியாள் ஆனாள். போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்ப்பாள். பச்சை. அடுத்த கட்டிலுக்குப் போவாள். முடிந்தபோது புரட்டுவாள், நாளாக ஆக அதுவும் குறைந்தது.

யாசினின் அம்மா அஜீசா தண்டையார்பேட்டை. நம் வீடுகளில் விலையுயர்ந்த பொருள் ஒன்று வந்தால் முதல் வேலையாக அதற்கு உறை போடுவோம். ரிமோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் அமுக்குவோம். அஜீசாவும் அதைத்தான் செய்தார். மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் மடித்த பழைய கம்பளி, அதற்கும் மேல் விறைப்பாக இழுத்துச் செருகிய படுக்கை விரிப்பு. பார்ப்பதற்குக் கட்டில் அவ்வளவு நறுவிசாக இருந்தது. ஹில்டாவே பாராட்டினாள். பிள்ளையைத் துடைத்துப் பவுடர் போடுவதையும் அஜீசா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை; தனியாளாய் அவனைப் புரட்ட முடியாததால் முதுகுக்கு மட்டும் கை எட்டவில்லை.

மையத்து வண்டி வருவதற்கு முந்தின நாள், மெத்தையைக் கழற்றி வைக்க ஹில்டா விரிப்பை உருவினாள். நாற்றம் முதலில் வந்தது. யாசினைப் புரட்டினோம். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செத்துக் கிடந்தது. ரப்பர் ஷீட் வியர்வையில் ஊறியிருந்தது. அடியில் மெத்தை ஒழுங்காக ஊதி வடிந்துகொண்டிருந்தது. அந்த அசைவில் ஒரு துளியும் கம்பளியைத் தாண்டி அவன் உடம்புக்கு எட்டவில்லை.

"இன்னாம்மா இது?"

"மெத்த அழுக்காயிடப் போதுன்னு நான்தான் போட்டேன் சிஸ்டர். நாளைக்கி வேற புள்ள படுக்கணுமில்ல. பச்ச லைட்டு எரிஞ்சிக்கினுதான கீது?"

ஹில்டா திட்டவில்லை. "மிசினு நல்லா கீதுன்னு எரியிது. உம் புள்ள நல்லா கீறான்னு இல்லம்மா."

அஜீசா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் கேட்டு எத்திராஜ் ஓடிவந்தான். "கட்டு போட்டு அனுப்சிடலாம் சிஸ்டர்."

"அங்க பிரிச்சிப் பாக்க மாட்டாங்களா? பாத்துட்டா நடுரோட்ல எறக்கி வுட்ருவாங்க அவன."

மையத்துக்கு அவளே போன் செய்தாள். ஆறிய பிறகு கூட்டி வாருங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்க முடியாது என்றார்கள். எலும்பை நெருங்கிவிட்ட புண் அது. ஆற மாதங்கள் ஆகும். அப்படிப்பட்ட புண் ஆறி வெளியே போன ஒருவரையும் எங்கள் வார்டில் நான் பார்த்ததில்லை. அடுத்து ஹில்டா ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய் எத்திராஜைத் திரும்பத் தரும்படி கேட்டாள். மிஷின் நன்றாகத்தானே வேலை செய்கிறது என்றார்கள்.

அவள் வார்டுக்குத் திரும்பி வந்தபோது யாசின் கேட்டான்: "வண்டி எத்தினி மணிக்கி சிஸ்டர்?"

"வண்டி வராது யாசின். முதுகுல புண்ணு."

"வலிக்கவே இல்லியே."

"வலிக்காது."

"ஆறிட்டா போலாமில்ல?"

கம்பளியையும் ரப்பர் ஷீட்டையும் உருவிப் போட்டோம். தோள் பக்கம் அவளும் இடுப்புப் பக்கம் நானுமாக அவனைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். இரண்டு மணி நேரத்தில் இந்தப் பக்கம் புரட்டியாக வேண்டும். எத்திராஜ் அவசரப் பிரிவுக்குத் திரும்பிவிட்டான்; என்னைப் பெண்கள் வார்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹில்டா ஆள் தேடி வார்டைச் சுற்றிப் பார்த்தாள்.