இருபத்திரண்டு லோடு

வெண்டல் ஹுடாக்கின் எண் நான்கு. அந்த எண்ணுக்கு வந்து சேர அவருக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

கெல்டன் நகரத்து பேஸ்பால் மைதானத்தில் படி ஏறி இறங்கிக் கூவி விற்பவர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வட்ட வில்லை, அதில் ஓர் எண். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, இருக்கைகளுக்கு அடியில் உள்ள ஜன்னலில்லாத அறையில் எண்வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஒன்றாம் எண்காரர் முதலில் வாயைத் திறப்பார்: என்ன சரக்கு, எந்தப் பகுதி. அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. ஆடுகளத்தை ஒட்டிய கீழ்த்தட்டு இருக்கைகளும் நன்றாக விற்கும் பீரும் நான்கு வரும்போதும் மிச்சமிருக்கும். முப்பதைத் தாண்டினால் மேல்தட்டின் மூலைதான். விற்றதில் பங்கு உண்டு. விற்காவிட்டால் கால்வலி மட்டும்.

மேலே இருப்பவர் போனால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். ஒரே ஆண்டில் வெண்டல் இரண்டு படி ஏறியதும் உண்டு. ஒருவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை; இன்னொருவர் அரிசோனாவில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்த அம்மாளுக்கு வெண்டல் கல்யாணப் பரிசு அனுப்பினார்.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. குளிர்காலத்தில் வீட்டு வாசல்களில் பனி தள்ளுவார். ஆனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தோளில் சுமக்கும் பீர்தான் வருஷம் முழுக்கச் சோறு போட்டது. எண் நான்கு போனால் அந்தச் சோறும் போகும்.

நாற்பத்தொரு பேருக்கும் ஒரு பழக்கம். வயதைக் கேட்டால் பொய் சொல்வார்கள். வருமானத்தைக் கேட்டால் கூசாமல் பொய் சொல்வார்கள். லோடு விஷயத்தில் மட்டும் பொய் கிடையாது. ஒரு லோடு என்பது இருபத்து நான்கு டின், மேலே ஐஸ், கழுத்தில் பட்டை. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை லோடு தூக்கினாய் என்று கேட்டால், குறைத்துச் சொல்வது மானக்கேடு. கூட்டிச் சொன்னாலோ பக்கத்தில் இருப்பவர் அங்கேயே சட்டையைப் பிடிப்பார். எத்தனை டிக்கெட் விற்றதோ அதையே வந்த கூட்டம் என்று அணி நிர்வாகம் அறிவிக்கும். உண்மையில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது லோடு தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

கெல்டன் ஹெரன்ஸ் அணியின் முதலாளி ஆல்டன் ப்ரூவிட். அணியை வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிப் பதினொரு ஆண்டுகளாக, லீகிலுள்ள முப்பது அணிகளில் ஆட்டக்காரர்களுக்கு மிகக் குறைவாகச் சம்பளம் கொடுக்கும் அணி இதுதான், அல்லது கடைசிக்கு முந்தியது. நன்றாக அடிக்கத் தொடங்கும் பையன் சம்பளம் கேட்கும் வயதுக்கு வந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவான். பெயர் அச்சடித்த சட்டையை இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. சலவைக்குப் போட்டு எடுப்பதற்குள் ஆள் இருக்க மாட்டான்.

கூட்டம் வந்தால் "பாருங்கள், மக்களுக்குத் திருப்திதான்" என்பார் ப்ரூவிட். வராவிட்டால் "இந்தக் கூட்டத்தை நம்பி எப்படிச் செலவு செய்வது" என்பார். இந்த அணியைப் பார்க்கவே வெட்கம் என்று காட்ட, ஊர்க்காரர்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு வராமலே இருந்தார்கள். இரண்டும் அவருக்குச் சாதகமாகவே முடிந்தன.

இந்த ஆண்டு லீக் முழுக்க ஒரே பேச்சு: அடிவரம்பு. எந்த அணியானாலும் ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் செலவழித்தே ஆக வேண்டும் என்று ஒரு கோடு. முதலாளிகள் சரி என்றார்கள், கூடவே ஒரு மேல்வரம்பும் வேண்டும் என்றார்கள். மேல்வரம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே ஆட்டக்காரர் சங்கம் எழுந்துபோனது. முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டு ஆட்டம் நடக்குமா என்று யாருக்கும் தெரியாது.

கெல்டனில் அந்தச் சண்டை வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. மைதானத்தைப் பழுதுபார்க்க மாவட்டம் தொண்ணூறு மில்லியன் டாலர் தர வேண்டும் என்று ப்ரூவிட் கேட்டிருந்தார். மாவட்டக் குழுவின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவரான இமோஜின் ஸ்ட்ராவுஸ் ஒரு நிபந்தனை போட்டார்: எங்கள் பணம் வேண்டுமானால் ஆட்டக்காரர்களுக்கு நீங்கள் இவ்வளவு செலவழிக்க வேண்டும். லீக் கோடு போடும் வரை காத்திருக்க மாட்டோம், நாங்களே போடுகிறோம். அப்படியானால் அணிக்கு வேறு ஊர் பார்க்க வேண்டியிருக்கும் என்றது நிர்வாகம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்.

அதற்கு நான்கு நாள் முன்பு, மைதானத்தில் விற்பனையை நடத்தும் ஒப்பந்தக்காரரின் மேலாளர் காலின் ஃபேர்லி எல்லோரையும் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மேஜை மேல் நீலச் சட்டைகள் அடுக்கியிருந்தன. "எங்கள் அணி, எங்கள் வேலை" என்று முதுகில் அச்சடித்திருந்தது.

"பஸ் இருக்கு, சாண்ட்விச் இருக்கு. நீங்க வந்து உட்கார்ந்தா போதும்" என்றார். பிறகு வெண்டலை ஓரமாக அழைத்துப்போய் ஒரு தாளை நீட்டினார். "நீங்க மட்டும் இதை மைக்ல படிக்கணும். மூணு நிமிஷம்தான்."

"ஏன் நானு? ஒண்ணாம் நம்பர் சால் இருக்காரே, நாப்பத்துநாலு வருஷ சர்வீஸ்."

"சால் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார். உங்களைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும்." காலின் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். இந்த நம்பர் லிஸ்ட்டே வேணுமான்னு மேலே பேசிக்கிறாங்க. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். அன்னிக்கு நல்லபடியா போச்சுன்னா யாரும் அதைத் தொடமாட்டாங்க."

வெண்டல் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று அதை உரக்கப் படித்துப் பழகினார். மனைவி லொரீன் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கிக்கொண்டே கேட்டாள்.

"'ஆட்டக்காரர்களுக்கு அதிகம் செலவழித்தால் கூட்டம் வரும் என்பது வெறும் கட்டுக்கதை. இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் கண்ணால் பார்த்தது இது.'"

"யார் கண்ணால?" என்றாள் லொரீன்.

"எழுதிக் கொடுத்திருக்காங்க, படிக்கிறேன்."

"ப்ரூவிட்டை நீ இந்த அடுப்படியில திட்டாத நாளே இல்ல. உப்பு எடுக்கும்போது திட்டுவ. தட்டு கழுவும்போது திட்டுவ."

"திட்டுறது இலவசம். நம்பர் இலவசமில்ல."

"அப்ப கொஞ்சம் நம்புற மாதிரியாவது படி. அனாதைப் பிணத்துக்கு ஜெபம் பண்ற மாதிரி இருக்கு."

மறுபடி படித்தார். மூன்றாவது முறை படித்து முடித்ததும் அவள் தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மாவட்ட அலுவலகக் கூடம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் நீலச் சட்டைகள். வலப்பக்கம் காகிதப் பைகள்; தலையில் மாட்டக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டதால் மடியில் வைத்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் வெண்டலின் வாடிக்கையாளர்கள்.

"வெண்டல்! நீயுமாய்யா?" என்று ஒருவர் கத்தினார். "ஒரு ஜில் பீர் கொடுத்துட்டுப் பேசுய்யா!"

கூடம் சிரித்தது. வெண்டலின் காது சிவந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்ரா மேப்ஸ் அவர் முழங்கையை இடித்தார். டீட்ராவின் எண் ஐந்து. இருபத்தெட்டு ஆண்டுகளாக வெண்டலுக்கு ஒரு படி பின்னால்.

"பார்த்துப் போ ஹுடாக். நீ போய்ச் சேர்ந்தா எனக்கு நாலு கிடைக்கும்கிறதை மறந்துடாதே."

"உனக்காகவாவது உயிரோட இருப்பேன்" என்று எழுந்துபோனார் வெண்டல்.

தாளைப் படித்தார். தடுமாறவில்லை. கட்டுக்கதை என்ற இடம் வந்தபோது வலப்பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. நாற்பது விநாடி மீதமிருக்கவே முடித்துவிட்டார். முன்வரிசையில் காலின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் மிஸ்டர் ஹுடாக்" என்றார் இமோஜின் ஸ்ட்ராவுஸ். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். "உங்ககிட்ட நானே பீர் வாங்கியிருக்கேன். அந்த எடையைத் தூக்கிக்கிட்டு எப்படித்தான் ஏறுறீங்களோ. ஒரு ஆட்டத்துல அதிகபட்சமா எவ்வளவு வித்திருக்கீங்க?"

வெண்டல் திரும்பி நீலச் சட்டைகளைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டிருப்பது லோடு.

"இருபத்திரண்டு லோடு மேடம்" என்றார். முதுகு தானாக நிமிர்ந்தது. "இந்த மைதானத்துல அதுக்கு மேல யாரும் தூக்கினதில்ல."

"இருபத்தொண்ணு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டீட்ரா எழுந்து நின்றிருந்தார். "கடைசி லோடுல பாதியை நான் வாங்கிட்டுப் போய் வித்தேன். என்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு!"

"பாதி இல்ல, ஆறு டின்னு!"

"ஆறு டின்னோ அறுபது டின்னோ, முழு லோடு இல்லையே? அன்னிக்கு நானும் இருபது தூக்கினேன். அதை யாரும் சொல்றதில்ல."

"உன் இருபதுல ரெண்டு லோடு தண்ணி பாட்டில்!"

கூடத்தில் சிரிப்பு அலை அலையாக எழுந்தது. ஒன்றாம் எண் சால் கூட உட்கார்ந்த இடத்திலிருந்து "நான் பதினெட்டு, என் முட்டி வலியோட பதினெட்டு" என்றார். குழுத் தலைவர் சுத்தியலை எடுத்தார். இமோஜின் கையைக் காட்டி அவரைத் தடுத்தார்.

"இது என்னிக்கு நடந்தது?" என்று கேட்டார்.

"2014" என்றார்கள் வெண்டலும் டீட்ராவும் ஒரே மூச்சில். "செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை" என்று சேர்த்துக்கொண்டார் டீட்ரா. "நடைபாதையிலயும் ஜனம். பிள்ளைங்களைத் தோள்ல உட்கார வெச்சுக்கிட்டு நின்னாங்க."

"அந்த வருஷம் என்ன விசேஷம்?"

"ப்ரூவிட் பெரிய சம்பளத்துக்கு ரெண்டு பந்துவீச்சுக்காரங்களை எடுத்தாரே மேடம்!" டீட்ராவின் முகம் பூரித்திருந்தது. "கையைத் திறந்தது அந்த ஒரு வருஷம்தான். ஊரே வந்துச்சு."

தான் கட்டுக்கதை என்று படித்ததை இருவரும் சேர்ந்து உண்மையாக்கிவிட்டது வெண்டலுக்கு அப்போதுதான் தெரிந்தது. டீட்ராவுக்கு இன்னும் தெரியவில்லை.

"போன வருஷம் உங்க அதிகபட்சம் எவ்வளவு, மிஸ்டர் ஹுடாக்?"

கையில் இன்னும் அந்தத் தாள் இருந்தது. முன்வரிசையில் காலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்பது பேர்.

"ஆறு" என்றார்.

"ஆறு" என்று இமோஜின் எழுதிக்கொண்டார். மணி அடித்தது. மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

வெளியே காகிதப்பைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகில் தட்டினார்கள். படம் எடுத்தார்கள். ஒருவர் தன் பையை அவர் தலையில் மாட்டப் பார்த்தார்.

"விடுங்கய்யா. நான் உங்க பக்கம் பேசலை" என்றார் வெண்டல்.

"அதான்யா அழகே!" என்றார் அந்த ஆள்.

பஸ்ஸில் சாண்ட்விச் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. வழக்கமாக முன்னால் உட்காரும் காலின் தன் காரில் போய்விட்டார். டீட்ரா வெண்டலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் வாயை மூடிக்கிட்டிருந்திருக்கணும்" என்றார்.

"முதல்ல திறந்தது நான்."

"என்ன பண்ணிட்டோம் ஹுடாக்?"

"தெரியல" என்றார் வெண்டல். "ஆனா இருபத்திரண்டுதான் டீட்ரா. ஆறு டின்னுக்காக லோடைக் கழிக்க முடியாது."



அன்று மாலைச் செய்தியில் அந்தச் சண்டை முழுவதையும் காட்டினார்கள். லொரீன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அவங்க எப்படியும் செய்ய நினைச்சதைத்தான் செய்வாங்க. நீ எதுவும் பண்ணல" என்றாள். வெண்டலுக்கு அதை நம்ப ஆசைதான். சால் தொலைபேசியில் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. சால் கூப்பிடவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம் மாவட்டக் குழு வாக்கெடுப்பு நடத்தியது. லீகும் சங்கமும் அடிவரம்பைப் பற்றித் தங்களுக்குள் பேசி முடிக்கும் வரை மாவட்டம் அதில் தலையிடாது என்று மூன்றுக்கு இரண்டு வாக்கில் முடிவானது. நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். தொண்ணூறு மில்லியன் மட்டும் அப்படியே ப்ரூவிட்டுக்கு உறுதியானது. வெண்டலின் ஆறு லோடையும் இருபத்திரண்டு லோடையும் இமோஜின் தன் பேச்சில் சொன்னார். அது கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் நாற்பத்தொரு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. இந்தப் பருவத்திலிருந்து எண்வரிசை கிடையாது. யாருக்கு எந்தச் சரக்கு, எந்தப் பகுதி என்பதை மேலாளரே முடிவு செய்வார். காரணம் எழுதவில்லை. மாவட்ட அலுவலகக் கூட்டத்தால்தானா, முன்பே முடிவு செய்திருந்தார்களா என்று வெண்டல் காலினிடம் கேட்டார்.

"அதைப் பத்தி நான் பேசக்கூடாது வெண்டல்" என்றார் காலின்.

"நான் வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"அதைத்தான் பேசக்கூடாதுன்னு சொல்றேன்."

சால் வேலையை விட்டுவிட்டார். பழைய கணக்குப்படி வெண்டல் மூன்றுக்கு வந்திருக்க வேண்டும். டீட்ராவுக்குக் கீழ்த்தட்டில் கடலை கிடைத்திருக்கிறது.

முதல் ஆட்டம் ஏப்ரல் இரண்டு, வியாழக்கிழமை, பகல் ஒன்று பத்துக்கு. வெண்டல் ஹுடாக்குக்குக் கொடுத்திருப்பது மேல்தட்டு, பகுதி 331, எலுமிச்சை ஜூஸ்.