காட்டைத் தாண்டிய உப்பு லாரி

முழுப் பரீட்சை லீவுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாண்டிச்சேரி பீச்சுக்குப் போவார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வண்டலூருக்குப் போய்ப் புலி பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் அளப்பார்கள். நான் ஐந்தாவது முடித்த வருடம் சத்தீஸ்கர் காட்டுக்குப் போனேன், உப்பு லாரியில், அம்மா அப்பாவோடு. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை.

அப்பா மரக்காணத்து உப்பை வடக்கே ஏற்றிக்கொண்டு போகும் டிரைவர். லாரி கூனிமேட்டு முதலாளி ஒருவருடையது. அந்த முறை கிளம்புகிற நேரத்தில் கிளீனர் வேலையை விட்டு நின்றுவிட்டான். வேறு ஆள் தேடாமல் அம்மா உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டு, ஸ்டவ், அரிசி, கருவாட்டுப் பொட்டலம் சகிதம் லாரியில் ஏறிவிட்டாள். சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"இன்னா அண்ணி, கிளீனர் வேலைல சேந்துட்டியா? சரி, பாப்பாவ எதுக்கு காட்டுக்கு இஸ்துகினு போற?"

"அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். வரட்டும்" என்றாள் அம்மா.

இது என்ன காரணம் என்று சித்தப்பா விழித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்கிற மாதிரி ஒரு பலகை இருந்தது. அம்மா அதற்குப் பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். குறுக்கே கொடி கட்டி என் பாவாடைகளைக் காயப் போட்டாள். ஆந்திரா தாண்டுவதற்குள் அந்த கேபின் எங்கள் வீட்டைவிட ஒழுங்கான வீடாகிவிட்டது.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். பொழுது சாய்வதற்குள் வண்டி நின்றுவிட வேண்டும். மற்ற லாரிகளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கப் பறக்கும். நாங்கள் மட்டும் ஏதாவது ரோட்டோரச் சாப்பாட்டு டாபா வாசலில் பாய் விரித்துவிடுவோம். முதலாளி போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஒரே வாந்தி. காலைல கெளம்பிடுறோங்க" என்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பேன். அம்மா இவ்வளவு வாய் கூசாமல் புளுகுவாள் என்பது எனக்கு அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

பகலில் எனக்குப் போரடிக்கக் கூடாதென்று அம்மா ஒரு விளையாட்டு வைத்தாள். ரோட்டில் எது வந்தாலும் முதலில் பார்த்தவர் கத்திச் சொல்ல வேண்டும். ஜெயித்தால் மிட்டாய். "எதுக்க லாரி!" "லெப்ட்ல ஆடு!" "வளைவு, ரைட்டு!" என்று நானும் அம்மாவும் தொண்டை கிழியக் கத்துவோம். அப்பா ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. வீட்டில் டிவி சத்தத்துக்கே எரிந்து விழுகிற மனிதர், இந்தக் கூச்சலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

காட்டின் முகப்பில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. அங்கிருந்தவர் இந்தியில் ஏதோ சொல்லி, வானத்தைக் காட்டி, கையைத் தள்ளித் தள்ளி ஆட்டினார். "எங்கயும் நிறுத்தக் கூடாதாம். இருட்டறதுக்குள்ள அந்தாண்ட போயிடணுமாம்" என்றார் அப்பா. மதியம் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தாராளமாகப் போய்விடலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்த காட்டை நான் வாய் பிளந்து பார்த்தேன். அம்மா மட்டும் காட்டைப் பார்க்காமல் வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். யானைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு நானும் மரங்களுக்கு நடுவே யானையைத் தேட ஆரம்பித்தேன்.

நிறுத்தக் கூடாதென்றால் சரியாக அப்போதுதானே டயர் பஞ்சராகும்! அப்பாவும் அம்மாவுமாக ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாற்றினார்கள். அதுகூடப் பெரிய தாமதம் இல்லை. புழுக்கத்தில் மூட்டைகளிலிருந்த உப்பு நீர் விட்டு லாரி பின்னாலிருந்து ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசம் எப்படித்தான் எட்டியதோ, காட்டுக்குள்ளிருந்து ஒரு மாடு வந்தது. பின்னால் ஒரு மந்தையே வந்தது. மேய்க்கிறவன் என்று யாருமில்லை. ரோட்டை நக்கின, பின்கதவை நக்கின, சக்கரத்தை நக்கின. நக்கி முடித்த இரண்டு மாடுகள் லாரிக்கு முன்னாலேயே கல்யாண வீட்டில் சாப்பிட்ட களைப்போடு படுத்துவிட்டன.

அப்பா ஹாரன் அடித்தார். அவை காதை மட்டும் ஆட்டின. அம்மா தட்டில் கரண்டியால் அடித்தாள். உப்பு மூட்டையோடு பிறந்து வளர்ந்த எங்களுக்கு, உப்புக்காக ஒரு ஜீவன் இப்படி வழிமறிக்கும் என்று தெரியாமல் போயிற்று. மரங்களின் நிழல் ரோட்டை முழுதாக மூடிவிட்டது.

"ஏங்க, பொழுது போவுதுங்க!" என்று அம்மா பதறினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு அவளே பின்னால் ஏறி ஒரு மூட்டையைப் பிரித்தாள். முந்தானையில் உப்பை வாரிக்கொண்டு காட்டுக்குள் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு மரத்தடியில் கொட்டினாள். மறுபடி வந்து வாரினாள், ஓடினாள். மாடுகள் ஒவ்வொன்றாக, படுத்திருந்தவையும் எழுந்து, அவள் பின்னால் போயின. அவள் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் லாரி கிளம்பியது. அதற்குள் அப்பா விளக்கைப் போட்டிருந்தார்.

அந்தக் கடைசித் தூரம் முழுக்க மாட்டு வண்டி வேகத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் மரங்கள் கறுத்துவிட்டன. விளையாட்டு தொடர்ந்தது, ஆனால் மிட்டாய்ப் பேச்சில்லை. "ஓரத்துல கல்லு." "வளைவு, லெப்ட்டு, இன்னும், இன்னும்." "எதுக்க வண்டிங்க, ஒதுங்குங்க." பயத்தில் நான் ஒரு நிமிடம் வாயை மூடிவிட்டேன். அப்பா கண்ணாடியை ஒட்டி முகத்தை நீட்டிக்கொண்டு, "சொல்லு பாப்பா, சொல்லிக்கினே இரு" என்றார். எங்கள் அப்பா கெஞ்சுவார் என்றே எனக்கு அதுவரை தெரியாது. யானை வருகிறதா என்று பார்க்கத்தான் சொல்கிறார் என்று எண்ணி, கண் எரிய எரிய ரோட்டைப் பார்த்தேன், சொல்லிக்கொண்டே வந்தேன்.

மரங்கள் விலகி ஒரு டாபாவின் விளக்கு தெரிந்தபோது அம்மா அழுதுவிட்டாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மாதான் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கை கழுவ டாபாவுக்குப் பின்னால் குழாயடிக்கு நடந்தோம். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சாக்கடை வாய்க்கால். நான் தாண்டிக் குதித்தேன். பின்னால் வந்த அப்பா நேராக நடந்து அதற்குள் விழுந்தார். காட்டைத் தாண்டிவிட்ட சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, இவ்ளோ பெரிய பள்ளம், கண்ணு தெரியலையா?"

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை.

"உடுடி, கொழந்த. அதுக்கு இன்னா தெரியும்" என்று பள்ளத்திலிருந்து அப்பா சொன்னார்.

அப்பாவுக்கு மாலைக்கண் என்பது ஊரில் கண் முகாம் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அப்போது பத்தாவது. அதற்குள் அவர் லாரியைவிட்டு இறங்கி உப்பு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். உப்பளத்து வெள்ளைதான் கண்ணைத் தின்றுவிட்டது என்பாள் அம்மா. டாக்டர் வேறு என்னவோ பெயர் சொன்னார். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் அந்த டாபாவில் எனக்கு ஒன்றும் தெரியாது. புடவைத் திரைக்குப் பின்னால் சுருண்டு படுத்து அழுதேன். அப்பா ஈரக் கால்களோடு தடவித் தடவி மேலே ஏறி வந்து, என் கையைத் தேடிப் பிடித்து, உள்ளே ஒரு மிட்டாயை வைத்தார். "இன்னிக்கும் நீதான் ஜெயிச்ச" என்றார். அதை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். ஒரு விளையாட்டில் புருஷன் தோற்றுப்போனதற்காகப் பெற்ற பெண்ணை இப்படியா அடிப்பாள் என்று அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே தூங்கிப்போனேன்.