பதினாலாம் வரிசை முட்டைக்கோசு

போலகத்து ஜோவிதா ஒன்பது வருடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். அதை இழுத்து மூடிய பிறகு நெரவிப் பக்கம் ஒரு காய்கறி ஆராய்ச்சிப் பண்ணைக்குத் தினக்கூலியாக வந்தாள். வாய்த்தது நேர்மாறான வேலை. செடிக்கு நோய் வைக்க வேண்டும்.

முட்டைக்கோசைக் கருக்கும் அழுகல் நோயின் கிருமியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். பனி காயும் முன்னே கத்தரிக்கோலை அதில் முக்கி, இலை விளிம்பில் நரம்பு முடிகிற இடத்தை நறுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் விளிம்பிலிருந்து மஞ்சள் இறங்கும், நரம்பு கறுக்கும். கறுக்காமல் நிற்கிற செடிதான் விதைக்கு. அப்படி ஒரு செடிக்காகப் பண்ணையின் விஞ்ஞானி சோமசேகரன் சார் ஏழு வருடமாகக் காத்திருந்தார். ஓய்வு பெற நான்கு மாதம் பாக்கி.

இந்தத் தையில் பதினாலாம் வரிசையின் பதினோரு செடியும் கருகாமல் நின்றன. மற்ற வரிசைகள் தீய்ந்து கிடந்தன. சார் வரப்பிலேயே குந்திவிட்டார். குளிர் இல்லாத இந்த ஊரில் முட்டைக்கோசு பூக்காது. செடிகளை வேரோடு தொட்டியில் எடுத்து, கொடைக்கானலுக்கு அனுப்பி விதை எடுக்க ஏற்பாடு நடந்தது.

"அக்கா, நீங்க வெட்டுன வரிசைதான். சார் ஒங்க பேரையே வச்சிருவாரு பாருங்க," என்றான் கூட வேலை செய்யும் மாறன். "ஜோவிதா முட்டைக்கோசு. கிலோ என்ன வெல?"

"ஒன்ன மாதிரி சொத்தைக்கு ஓசிதான் போ."

சொல்லிவிட்டுச் சிரித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. நான் வெட்டின வரிசை.

அந்த வரிசையை வெட்டிய அன்றைக்குக் கத்தரி அவள் விரலையும் பதம் பார்த்திருந்தது. ரத்தம் பட்ட அலகை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அப்புறம் கை தன் போக்கில் ஓடியது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு துடைப்பு. தொப்புள்கொடி அறுத்த கத்தரியை அப்படித் துடைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். ஸ்பிரிட் சொட்டுகிற கத்தரியைத் திரும்பத் திரும்பக் கிருமித் தண்ணீரில் முக்கியிருக்கிறாள். கிருமி செத்திருக்கும். அந்தச் செடிகளுக்கு நோயே போய்ச் சேர்ந்திருக்காது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ. சொல்லாவிட்டால், அந்த விதையை நம்பி நடுகிறவன் ஒரு பட்டத்து விளைச்சலையே பறிகொடுப்பான். சாரோ ஆபீஸில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் தொட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"வண்டி கெளம்பட்டும்மா."

"வண்டி கெளம்பக் கூடாது சார்."

முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாச் செடிக்குமா?"

"எல்லாத்துக்கும் சார்."

தொட்டிகளை இறக்கச் சொன்னார்.

மறுநாள் விடியலில் புதுக் கிருமித் தண்ணீர். கிண்ணத்தை சாரே பிடித்துக்கொண்டார். அவள் முக்கி முக்கி வெட்டினாள். ஒன்றாவது தாங்காதா என்று மாதாவிடம் மனசுக்குள் கெஞ்சினாள். எட்டாம் நாள் ஐந்து செடிகளில் மஞ்சள் இறங்கியது. பன்னிரண்டாம் நாள் கடைசிச் செடியின் நரம்பும் கறுத்திருந்தது.

சார் அந்த இலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் ஜோவிதா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்."

அந்த இரண்டு நாளும் அவளும் அதையேதான் நினைத்தாள்.

அவர் ஆபீஸ் பக்கம் நடந்தார். எரிப்பதற்காக அவள் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேர்மண்ணைத் தட்டி, சாக்கில் அமுக்கினாள். இலைகள் இன்னும் சில்லென்றுதான் இருந்தன.