நாலாம் கப்பல்

சூடேறிய பிளாஸ்ரிக்கின் மணம் வந்தால், மற்றவர்கள் வயர் எரிகிறதோ என்று மெயின் சுவிச்சைத் தேடி ஓடுவார்கள். நான் மட்டும் மூக்கை விரித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். எங்கள் "ரீவீ கேம்" பெட்டிக்குக் கறண்ட் கொடுக்கும் அடப்ரர் காய்ந்த மணம் அது. கால் மணித்தியாலம் ஓடினால் அடுப்புக்கல்லாகிவிடும் அந்தக் கறுப்புக் கட்டியை, உரும்பிராய் வீட்டில் நானும் அக்காவும் தண்ணீர்க் குடத்து மூடியின் மேல் வைத்துக் குளிரப் பண்ணினோம். மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றிப் பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்த வகுப்பில் நான் உயிரோடு உட்கார்ந்திருப்பதே பாடத்துக்கு முரணாக எனக்குப் பட்டது.

கசெற்றில் இருந்த எழுத்து யப்பானியம் என்று அப்பா சொன்னதால் யப்பானியம். பெயர் வாசிக்கத் தெரியாத நாங்கள் அதற்குக் "கப்பல்" என்று பெயர் வைத்தோம். இரண்டு விண்கப்பல்கள், சிவப்பு அக்காவுக்கு, மிஞ்சிய நீலம் எனக்கு, நட்சத்திரங்களுக்கு நடுவே சுட்டுக்கொண்டு போகும். எதிரே வரும் எதிரிகளுக்கும் மீன் பெயர்தான், கை நீட்டி வருவது "கணவாய்", சிறகடித்து வருவது "திருக்கை". ஆளுக்கு மூன்று உயிர். எனது மூன்றையும் நான் முதற் கணவாய்க்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, அக்கா தனியாக அண்டத்தைக் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கப்பல் வெடிக்கும்போதெல்லாம் "செத்திட்டன்" என்று கத்துவது எங்கள் வழக்கம். ஒருநாள் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா, கையில் தீப்பெட்டியோடு வந்து நின்றார். விளக்கு வைக்கிற நேரத்தில், அதுவும் அந்தச் சொல்லை வேண்டியமட்டும் கேட்டுவிட்ட ஊரில், பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை.

"உந்தச் சொல் இனி இந்த வீட்டிலை கேக்கக்கூடாது. வேணுமெண்டால் போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

வாசல் தாண்டும் எவரும் வெறுமனே "போறன்" என்று சொல்லாமல், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்றே சொல்கிற ஊர் எங்களது. ஆகவே அன்றிலிருந்து கப்பல் வெடித்துச் சிதறும் ஒவ்வொரு முறையும், கடைக்குச் சீனி வாங்கப் போகிறவர்கள்போல நாங்கள் "போட்டு வாறன்" என்றோம். வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டில் அது உண்மையாகவும் இருந்தது. போனவர் ஒரு நொடியில் திரையின் அடியிலிருந்து மினுக்கி மினுக்கி வந்துவிடுவார்.

விளையாட்டின் அடுத்த பாகமாக இரண்டாம் கப்பல் வந்தது, மூன்றாம் கப்பலும் வந்தது. மூன்றாவதின் முடிவில் இரண்டு கப்பல்களும் தூரத்தில் தெரியும் நீலப் பந்தை நோக்கி மூக்கைத் திருப்பும். அது எங்கள் பூமி. வீடு திரும்பப் போகிறார்கள் என்று நாங்கள் எழும்பி நிற்கும்போது திரை கறுத்துவிடும். சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பா, "அங்கையும் கறண்ட் போட்டுது போலை" என்றார். மிச்சம் நாலாவதில் வரும் என்று அக்கா உறுதியாகச் சொன்னார். வந்தால் சேர்ந்துதான் விளையாடுவது என்று முடிவாயிற்று.

நாலாவதுக்கு முன்னால், சண்டையால் மூடிக்கிடந்த கொழும்புப் பாதை திறந்தது. அக்காவுக்கு நோர்வேயில் கலியாணம் சரிவந்தது. வாசற் படலையடியில் அக்கா வானில் ஏறினார். நான் சொல்வது வாடகை வானை. ஏறும்போது என் தலையில் குட்டி, "போட்டு வாறன்" என்றார். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் விளையாட்டில் படித்த பொருள்தான். கொஞ்சம் பொறுத்தால் மினுக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று நம்பினேன்.

இடையில் விடுமுறைக்கு வந்தார்தான், பிள்ளைகளோடும் நுளம்புக் களிம்போடும். அதை நான் வரவில் சேர்ப்பதில்லை. வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதியது. வீட்டுக்காரி நோர்வேயில், காவல்காரன் நான். அம்மாவும் அப்பாவும் போன பிறகும், பிள்ளைகள் பெரிசானதும் வந்து இருந்துவிடுவேன் என்று அக்கா தொலைபேசியில் சொல்வார். நானும் அவருடைய அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் கதைத்து முடிக்கும்போது "போட்டு வாறன்" என்பார். தொலைபேசியில் யார் எங்கே போகிறார்கள் என்று என் மனைவி சிரிப்பாள். எனக்கு அது விளங்கும்.

அக்காவின் பிள்ளைகள் பெரிசானார்கள். இந்த வருடம் நாலாம் கப்பலும் வந்தது. இதுதான் கடைசி என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை, இங்கே பின்னேரம், அங்கே மத்தியானம், அக்கா அங்கே தன் மகன் விட்டுப்போன பெட்டியின் முன்னும், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இங்கே அவருடைய அறையிலும், இணையத்தில் சேர்ந்து விளையாட உட்கார்ந்தோம். கைத்தொலைபேசி நடுவில் கிடந்தது.

படம் என்னவோ கண்ணைப் பறித்தது. ஆனால் கணவாயும் இல்லை, திருக்கையும் இல்லை. கவசம் போட்ட ஆட்கள் வந்து, சுடுவதற்கு முன் நெடுநேரம் கதைத்தார்கள். அதைவிடப் பெரிய அநியாயம், உயிர்க் கணக்கையே எடுத்துவிட்டிருந்தார்கள். மோதினால் கப்பல் வெடிப்பதில்லை. ஒருமுறை மங்கி, நின்ற இடத்திலேயே தெளியும். என் திறமைக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

"என்னடா தம்பி, போகவே விடுறாங்களில்லை" என்றார் அக்கா.

இருட்டுமுன் முடித்துவிட்டோம். நீலப் பந்து கடைசிவரை வரவில்லை. கப்பல்கள் வேறொரு கிரகத்தில் இறங்கின. பச்சைப் புல், ஓர் ஓடை, தூரத்தில் பனி மூடிய மலை. இறங்கியவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தார்கள். அவ்வளவுதான். பெயர்கள் ஓடத் தொடங்கின.

"விசரங்கள்" என்றேன் நான். "வீட்டை எல்லோ போயிருக்க வேணும்."

பெயர்கள் பாதிக்கு மேல் ஓடியபின் அக்கா, "அங்கை இனி ஆர் இருக்கினம் எண்டு திரும்பிறது?" என்றார். "உதுவும் நல்ல இடம்தானே தம்பி. பழகியிருப்பினம்."

விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு பேரப்பிள்ளை எழும்பிவிட்டது என்று சொல்லி, "சரி, வைக்கிறன்" என்றார்.

வழக்கமான "போட்டு வாறன்" இல்லாமலே வைத்துவிட்டார்.

சாய்மனைக் கதிரை இல்லை, குடம் இல்லை, அந்த மணமும் இல்லை. இந்தக் காலத்து அடப்ரர் சூடாவதே கிடையாது. விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. நான் விளையாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டு, இரண்டாவது ஆளில்லாமல், நீலக் கப்பலை முழு வேகத்தில் கொண்டுபோய் ஒரு பாறையில் மோதினேன். சொல்லை நாக்கில் ஆயத்தமாக வைத்திருந்தேன். கப்பல் ஒருமுறை மங்கித் தெளிந்து, நின்ற இடத்திலேயே நின்றது.