இலைக்குள் இருந்த காப்பி

கிட்டுசாமி இலைத்தூளில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார். வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். "கசப்பு இருக்குதுங்க. பொகை வாசமும் அடிக்குது. ஆனா இது சூடுங்களா, குளிர்ச்சிங்களா, அதுதான் பிடிபட மாட்டேங்குது." நேற்றும் இதையேதான் சொன்னார்.

அனுப்பர்பாளையத்தில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் தெருமுனையில் அவருடைய மூலிகைக் கசாய வண்டி. டீத்தூளோ காப்பித்தூளோ அதில் ஏறியதே இல்லை. பஞ்சுத் தூசி இருமலுக்குத் தூதுவளை, கட்டிய தொண்டைக்கு அதிமதுரம், நின்றே வேலை பார்த்து எரியும் உடம்புக்கு ஆவாரம்பூ. அவர் உலகத்தில் எல்லாமே இரண்டு கட்சி. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி. சம்சாரம் வேலாத்தாள் சூடு, மச்சினன் குளிர்ச்சி. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட டீ-ஷர்ட்தான் எப்போதும் உடுப்பு. மார்பில் எந்த நாட்டு எழுத்து இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது; கவலையுமில்லை.

எதிர்க் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மோகன்ராஜ் போன மாதம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். துணி வாங்க வந்த அர்ஜென்டினா பையர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது.

"யெர்பா மாத்தேன்னு பேருங்ணா. அங்க ஊரே இதைத்தான் குடிக்குதாம். எனக்கு எறங்கல. நீங்க ஏதாச்சும் பண்ணிப் பாருங்க."

"மாத்திரைங்களா தம்பி?"

"மாத்திரை இல்லீங்ணா, இலை."

இலை என்றால் மூலிகைதான் என்று கிட்டுசாமி முடிவுகட்டினார். கசப்பை அடக்க அதிமதுரம், புகை வாசத்தை மூடத் துளசி, மேலுக்குக் கொஞ்சம் சுக்கு. கொதிக்கவிட்டால் கசந்து கெட்டது. வெந்நீரில் ஊறவைத்தபோது பக்குவம் வந்தது. தினமும் அந்த வண்டியில் நிற்கிற நானும் குடித்தேன். முதலில் நனைந்த வைக்கோல் புகைகிற வாசம், அப்புறம் தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு. நன்றாகவே இருந்தது.

குடித்தவர்கள்தான் அவரைக் குழப்பினார்கள். பசியே எடுக்கவில்லை என்றார் ஒருவர். பசி கபகபவென்று இருக்கிறது என்றார் அயர்ன் மாஸ்டர். கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். "ஒரே இலை, ஆளுக்கொரு பேச்சுங்க. நான் எதை நம்பறது?"

பிரிசில்லா செக்கிங் மேஜையில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிழை தேடுகிறவர். நெஞ்சுப் படபடப்புக்காக டீயும் காப்பியும் கூடாதென்று டாக்டர் தடுத்திருந்தார். அதனால்தான் இந்த வண்டிக்கு வருகிறார். கிட்டுசாமிக்கும் அது தெரியும். தொண்டை கட்டியிருக்கிறது என்று பிரிசில்லா சொன்ன ஒருநாள், கிட்டுசாமி புதுக் கலவையை நிறைய ஊற்றிக் கொடுத்தார். ருசி பிடித்துப்போய் பிரிசில்லா இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. கை நடுங்குகிறதாம், நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம்.

கிட்டுசாமி எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏறினார்; கூடவே நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்னால் அதை மேஜைமேல் வைத்தார். "நாந்தானுங்க குடுத்தேன். இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க பாருங்க."

டாக்டரும் அந்த இலையைப் பார்த்ததில்லை. கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டுச் சொன்னார்: "காப்பில இருக்கற கஃபீன் இதுலயும் இருக்குதுங்க."

"இலைக்குள்ள காப்பி எப்படீங்க வரும்?"

டாக்டர் விளக்கினார். கிட்டுசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிரிசில்லாவின் படபடப்பு மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது; வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த கிட்டுசாமி என்னிடம் கேட்டார்: "அப்ப இத்தனை வருசமா துளசிக்குள்ள என்னென்ன இருந்துதோ? யாரு கண்டா?"

மாத்தே இப்போது தனி டப்பாவில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு விசாரணைக்குப் பிறகுதான் கிடைக்கும். "படபடப்பு உண்டுங்களா? மாத்திரை ஏதாச்சும்? மாசமா இருக்கறீங்களா?" மீசை வைத்த அயர்ன் மாஸ்டரிடமும் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை காலை பிரிசில்லா மறுபடி வந்தார். "ஏனுங்ணா, சுக்குத்தண்ணி ஒண்ணு குடுங்க."

கிட்டுசாமி, கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவினார். ஊற்றினார். முகர்ந்து பார்த்தார். "சுக்கு மட்டுந்தானுங்க அம்முணி. வேற ஒண்ணும் போடலீங்க."

"தெரியுமுங்ணா, குடுங்க."

நீட்டினார். பிரிசில்லா டம்ளரைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கிட்டுசாமியின் விரல்கள் அதை விடவில்லை.